மோட் வாட்ச் கட்டுவது எப்படி: அளவு பார்ப்பதிலிருந்து தண்ணீர்ச் சோதனை வரை

மோட் வாட்ச், அதாவது பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே மாற்றிக் கட்டும் வாட்ச், பெரும்பாலும் வேலை மேஜையில் சொதப்புவதில்லை. பாகங்களை ஆர்டர் போடும்போதே சொதப்பிவிடுகிறது. டயலின் (முகத்தட்டின்) அடியில் உள்ள கால்கள் மெஷினின் (உள்ளே ஓடும் இயந்திரத்தின்) துளைகளில் இறங்காது. விநாடி முள் அச்சில் நிற்காமல் கழன்றுவிடும். தேதி எண் ஜன்னலுக்குள் சாய்ந்து நிற்கும். தவறு அளவில் இருக்கும்போது எவ்வளவு கைப்பக்குவம் இருந்தும் பயனில்லை. எனவே எந்த வாட்சில் கை வைக்கலாம், எந்த அளவுகளைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிட்டு வேலைக்குப் போவோம்.

எந்த வாட்சில் கை வைக்கலாம்

கை பழக ஏற்றது சீகோ குடும்பம். 1996-ல் வந்த எஸ்.கே.எக்ஸ்.007 என்னும் டைவர் வாட்ச்தான் (கடலில் மூழ்குவோருக்கான வாட்ச்) இந்தப் பொழுதுபோக்கின் தாய்வீடு. அதன் தயாரிப்பு நின்றுவிட்டாலும், அதே அளவுகளில் கேஸ் (வெளிக்கூடு), கண்ணாடி, பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்), டயல் செய்து தரும் சிறு தயாரிப்பாளர்கள் இன்றும் ஏராளம். அதன் உள்ளே இருந்த 7எஸ்26 மெஷினுக்குக் கிரவுனை (பக்கவாட்டில் இருக்கும் குமிழை) திருகிச் சாவி கொடுக்க முடியாது. கிரவுனை இழுத்தால் விநாடி முள் நிற்கவும் நிற்காது. அதே வம்சத்தில் பின்னால் வந்த என்.எச்.35-ல் இரண்டு வசதியும் உண்டு. புதிதாகக் கட்டுபவர்கள் காலிக் கேஸும் என்.எச்.35 மெஷினும் தனித்தனியாக வாங்கித் தொடங்குவதே நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல வாட்சைப் பிரித்துப் பாழாக்கும் பயம் இருக்காது.

பெரிய பிராண்டின் பெயரும் சின்னமும் பதித்து வரும் ரெப்ளிகாவை அடித்தளமாக எடுக்காதீர்கள். அது போலிச் சரக்கு. சுங்கத்தில் சிக்கினால் பறிமுதல்தான். வேலை செய்பவரின் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் நஷ்டம். ஒரே மாடலுக்குள் ஒரு தொகுதியில் ஒரு மெஷின், அடுத்த தொகுதியில் வேறு மெஷின் இருக்கும். எண்ணெய் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்பது பிரித்தால்தான் தெரியும். பல் ஒன்று உடைந்தால் மாற்றுச் சக்கரம் தேடி அலைய வேண்டும். அந்தத் தோற்றம்தான் பிடித்திருக்கிறது என்றால் அதற்கு நேர்மையான வழி இருக்கிறது. சுழலும் பெசல், வட்டக் குறிகள், தடித்த முட்கள் என்ற டைவர் வடிவம் எந்த ஒரு நிறுவனத்துக்கும் மட்டும் சொந்தமானதல்ல. சின்னம் இல்லாத வெற்று டயலை வாங்கிப் போடுங்கள். அந்த வாட்ச் யாரையும் ஏமாற்றாது, அதைக் கட்டியவர் நீங்கள்தான் என்று தலை நிமிர்ந்து சொல்லலாம்.

ஒரிஜினல் ஆடம்பர வாட்ச் வைத்திருந்தால்

இங்கே விதி ஒன்றே ஒன்று: பழையபடி திரும்பக் கொண்டுவர முடிகிற மாற்றத்தை மட்டும் செய்யுங்கள்.

ஸ்டிராப் மாற்றுவது அப்படிப்பட்டது. லக் (ஸ்டிராப் மாட்டும் கேஸின் கொம்பு) அகலத்தை 0.1 மி.மீ. துல்லியத்தில் காலிப்பரால் அளந்து வாங்குங்கள். ஸ்டிராப்பை லக்கில் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பாரின் தடிமனையும் முனையையும் பாருங்கள். சீகோ டைவர்களில் 2.5 மி.மீ. தடித்த பார் வரும், அதன் முனை 1.1 மி.மீ. அந்தத் துளையில் சாதாரண மெல்லிய பாரைப் போட்டால் உள்ளே ஆடி, ஒரு நாள் வாட்ச் மணிக்கட்டிலிருந்து நழுவிவிடும். கழற்றும்போது லக்கின் உட்பக்கம் கீறாமல் இருக்க இரு பக்கமும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பாலிஷ் திரும்பாத மாற்றம். தேய்த்த உலோகம் தேய்த்ததுதான். லக்கின் கூர்மையான விளிம்பு வட்டமாகிப்போனால் வாங்குபவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். பழைய டயலுக்குப் புதிதாக ஒளிரும் பூச்சு போடுவதும் அப்படியே. பழைய டயல் விஷயத்தில் உடல்நலக் காரணமும் இருக்கிறது. 1960-களுக்கு முந்தைய பல வாட்சுகளின் ஒளிரும் பூச்சில் ரேடியம் உண்டு. இருட்டில் ஒளிராமல் போனாலும் அதன் கதிர்வீச்சு போவதில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அந்தப் பூச்சைச் சுரண்டினால் வரும் தூசி மூச்சில் போகும். அப்படிப்பட்ட வாட்சின் கண்ணாடியை வீட்டில் கழற்றவே வேண்டாம். அதற்குப் பிறகு வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள். டயலின் அடியில் ‘T’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது டிரிட்டியம் என்று அறியலாம். நீங்கள் அதைப் பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை.

பழைய ஒரிஜினல் வாங்கும்போது பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெஷினில் பதித்திருக்கும் எண் அந்த மாடலுக்கு உரியதா என்று பாருங்கள். டைம்கிராபரில் (வாட்ச் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் கருவியில்) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சுவிஸ் கிரோனோமீட்டர் சான்று பெறும் மெஷின் நாளுக்கு சராசரியாக கழித்தல் 4 முதல் கூட்டல் 6 விநாடிக்குள் ஓட வேண்டும். சான்றுபெற்ற வாட்ச் என்று சொல்லி விற்பது நாளுக்கு 40 விநாடி வேகமாக ஓடினால் ஒன்று காந்தம் ஏறியிருக்கும், இல்லையென்றால் சர்வீஸ் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும். காந்தம் நீக்கிவிடலாம். சர்வீஸ் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

வெளிப் பாகம் (அந்த நிறுவனம் செய்யாத பாகம்) போட்ட ஒரிஜினலை நிறுவனத்தின் சர்வீஸ் மையம் திருப்பி அனுப்பிவிடலாம், உத்தரவாதமும் போய்விடும். விற்பதாக இருந்தால் இன்னும் கவனம். ரோலெக்ஸ் தொடுத்த ஒரு வழக்கில் 1999-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், வெளிப் பாகங்கள் போட்டு மாற்றிய வாட்சில் ரோலெக்ஸ் சின்னத்தை அப்படியே விட்டு விற்பது போலிச் சரக்குதான் என்றது. மாறாக, பழைய ஹாமில்டன் பாக்கெட் வாட்ச் மெஷின்களைக் கைக்கடிகாரமாக்கி விற்ற வோர்டிக் என்னும் நிறுவனத்தின் மீதான வழக்கில், 2021-ல் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வோர்டிக் பக்கமே தீர்ப்பளித்தது. எது பழையது, எது புதியது, யார் செய்தது என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள் என்பது அதில் முக்கியமாக எடுபட்டது. எனவே விற்கும்போது மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எழுத்தில் கொடுங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களைச் சிறு சிறு பிளாஸ்டிக் உறைகளில் தேதி எழுதி வாட்சோடு சேர்த்தே கொடுங்கள்.

மெஷின் தேர்வும் அளவுகளும்

என்.எச்.35: தேதி மட்டும். என்.எச்.36: கிழமையும் தேதியும். என்.எச்.38: இரண்டும் இல்லை. என்.எச்.34: இரண்டாவது நேர மண்டலத்துக்குத் தனி முள். நான்குமே மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது விநாடிக்கு 6. என்.எச்.35-ல் 24 கற்கள். முழுச் சாவியில் சுமார் 41 மணி நேரம் ஓடும். நிறுவனம் ஒப்புக்கொள்ளும் துல்லியம் நாளுக்கு கழித்தல் 20 முதல் கூட்டல் 40 விநாடி. நடைமுறையில் இதைவிட நன்றாகவே ஓடும், அதோடு சரிசெய்யவும் முடியும்.

தேதி ஜன்னல் இல்லாத டயல் போடப்போகிறீர்களா? என்.எச்.38 வாங்குங்கள். என்.எச்.35 போட்டாலும் வாட்ச் ஓடும். ஆனால் கிரவுனை இழுத்தால் முதல் நிலையில் ஒன்றும் நடக்காது, மறைந்திருக்கும் தேதித் தட்டுதான் சும்மா சுற்றும். சிலருக்கு இது பெரிய விஷயமில்லை, சிலருக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

இனி அளவுகள். என்.எச்.35-க்கான முட்களின் துளை: மணி முள் 1.50 மி.மீ., நிமிட முள் 0.90 மி.மீ., விநாடி முள் 0.20 மி.மீ. இ.டி.ஏ. 2824 என்னும் சுவிஸ் மெஷினுக்கான முட்கள் மணியிலும் நிமிடத்திலும் இதே அளவுதான். விநாடி முள் மட்டும் 0.25. அதனால் சுவிஸ் முட்களை வாங்கிப் போட்டால் இரண்டு முள் கச்சிதமாக உட்காரும், மூன்றாவது கழன்று விழும். ‘பொருந்தும்’ என்று விற்பவர் சொன்னாலும் மூன்று எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

டயலின் விட்டம் பெரும்பாலும் 28.5 மி.மீ. கேஸ் விளக்கத்திலும் இதே எண் இருக்க வேண்டும். அடுத்தது கால்கள். கிரவுன் 3 மணியில் இருக்கும் கேஸுக்கும், எஸ்.கே.எக்ஸ். போல 4 மணிப் பக்கம் இருக்கும் கேஸுக்கும் டயல் கால்களின் இடம் வேறு. சில டயல்கள் நான்கு கால்களோடு வரும். உங்கள் கேஸுக்கு வேண்டாத இரண்டை வெட்டிவிட வேண்டும். வெட்டும்போது காலை வளைக்கவே கூடாது. டயல் தகடு 0.4 மி.மீ. அளவே இருக்கும், கால் வளைந்தால் முன்பக்கத்தில் அதே இடத்தில் பரு போல ஒரு மேடு எழும், எதைச் செய்தாலும் அது போகாது. நிப்பரால் அடியோடு நறுக்கி, மிச்சத்தை மெல்லிய அரத்தால் சமன் செய்யுங்கள்.

கிரவுன் இடம் மாறினால் தேதித் தட்டும் மாற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 4 மணிக் கிரவுன் கேஸில் மெஷினே சற்றுத் திரும்பி உட்கார்கிறது. தேதி ஜன்னலோ அதே 3 மணியில். எண்கள் நேராக நிற்க வேண்டுமானால் அந்தக் கோணத்துக்கென்றே அச்சடித்த தட்டு வேண்டும்.

கேஸ் வாங்கும்போது அது எந்த மெஷினுக்காகக் கடையப்பட்டது என்று பாருங்கள். என்.எச்.35-ன் உயரம் 5.32 மி.மீ.; இ.டி.ஏ. 2824 வெறும் 4.6, மியோட்டா 9015 இன்னும் ஒல்லி, 3.9. மற்ற இரண்டுக்காகச் செய்த கேஸில் என்.எச்.35-ஐ வைத்தால் ரோட்டர் (மெஷினின் பின்னால் சுழன்று சாவி ஏற்றும் எடை) பின்மூடியில் உரசும் அல்லது மூடியே மூடாது.

எஸ்.கே.எக்ஸ்.007 வகைக் கேஸுக்குக் கண்ணாடி 31.5 மி.மீ., பெசல் இன்சர்ட் (பெசல்மேல் ஒட்டும் எண் வளையம்) வெளிவிட்டம் 38 மி.மீ., லக் அகலம் 22 மி.மீ. குவிந்த கண்ணாடி எடுத்தால் இன்சர்ட்டும் சரிந்த வகையாக எடுத்தால்தான் பக்கவாட்டில் பார்க்க இயல்பாக இருக்கும். டயலுக்கும் முள்ளுக்கும் பெசலில் இருக்கும் ஒளிப்புள்ளிக்கும் ஒளிரும் பூச்சின் வகை ஒன்றாக இருக்கட்டும். சூப்பர் லூமினோவா சி3 பச்சையாக ஒளிரும், பி.ஜி.டபிள்யூ.9 நீலமாக ஒளிரும். கலந்துவிட்டால் பகலில் தெரியாது, இரவில் காட்டிக்கொடுத்துவிடும்.

கருவிகள்

நல்ல ட்வீசர் ஒன்று, 0.8, 1.0, 1.2 மி.மீ. ஸ்குரூ டிரைவர்கள், 5 மடங்கும் 10 மடங்கும் பெரிதாக்கும் கண் லென்ஸ், மெஷின் ஹோல்டர், முள் பதிக்கும் கருவி, முள் கழற்றும் நெம்புகோல் ஜோடி, காற்றுப் பந்து, ரோடிகோ என்னும் பசைக் களிமண், விரல் உறை, பின்மூடித் திறப்பான், டிஜிட்டல் காலிப்பர், பின் வைஸ் (மெல்லிய தண்டைப் பிடிக்கும் கைக்கருவி), மெல்லிய அரம், சிலிக்கான் கிரீஸ். கண்ணாடி மாற்றுவதாக இருந்தால் கிறிஸ்டல் பிரஸ். நேரம் சரிசெய்ய டைம்கிராபர், காந்தம் நீக்கி.

ட்வீசரிலும் ஸ்குரூ டிரைவரிலும் காசு பார்க்காதீர்கள். ஸ்குரூ டிரைவரின் முனை மழுங்கியிருந்தால் திருகின் தலையில் வழுக்கும். வழுக்கினால் அடுத்து நிற்கிற இடம் பெரும்பாலும் ஹேர்ஸ்பிரிங் என்னும் முடி போன்ற சுருள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். மேஜைமேல் வெளிர் நிறத் தாள் ஒன்றை விரித்து, மேஜை விளிம்பை உங்கள் மார்புக்குப் பக்கத்தில் உயர்த்தி வையுங்கள். தெறிக்கும் பாகம் தரைக்குப் போகாமல் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

டயல்

மெஷினை ஹோல்டரில் டயல் பக்கம் மேலே வருமாறு வையுங்கள். ஹோல்டர் மெஷினின் ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். ரோட்டர் அடியில் எதிலும் அழுத்தக்கூடாது. டயலை விளிம்பில் பிடித்து, கால்களைத் துளைகளுக்கு நேராக வைத்து, விரல் உறையோடு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மெல்ல அமுக்குங்கள். தட்டையாக உட்கார்ந்ததா என்பதைப் பக்கவாட்டிலிருந்து லென்ஸில் பாருங்கள். கால் இடம் பொருந்தாத டயலாக இருந்தால் எல்லாக் கால்களையும் வெட்டிவிட்டு, டயல் டாட் எனப்படும் மெல்லிய இருபக்க ஒட்டு வட்டங்களை இரண்டு இடத்தில் ஒட்டலாம். தேதித் தட்டு சுழலும் பாதையில் ஒட்டிவிடாதீர்கள். நடு இரவில் தேதி மாறாமல் இழுத்துக்கொண்டு நிற்கும்.

முட்கள்

வாட்ச் நன்றாக அமைந்ததா என்பது இங்கே தெரிந்துவிடும், அவசரம் வேண்டாம்.

கிரவுனை நேரம் வைக்கும் நிலைக்கு இழுத்து, மணி ஓடும் திசையிலேயே சுற்றிக்கொண்டே போங்கள். தேதி அடுத்த எண்ணுக்குத் தாண்டி முழுதாக நின்ற கணத்தில் நிறுத்துங்கள். இப்போது மெஷினுக்கு மணி நள்ளிரவு 12. அந்த இடத்தில் மணி முள்ளை 12-க்கு நேராக வைத்து, பிளாஸ்டிக் முனையால் செங்குத்தாக அமுக்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் தேதி மதியத்தில் மாறும் அல்லது காலை 4 மணிக்கு மாறும்.

மணி முள்ளை டயலுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கீழே இறக்குங்கள், ஆனால் உரசக்கூடாது. பதித்த மணிக்குறிகளைத் தாண்டும்போது இடைவெளி தெரிய வேண்டும். மேலே இரண்டு முள் வரவேண்டுமே, உயரத்தை இங்கேயே மிச்சம் பிடித்தாக வேண்டும். அடுத்து நிமிட முள், அதுவும் சரியாக 12-ல். பிறகு கிரவுனைச் சுற்றி 3, 6, 9 மணிகளில் நிறுத்திப் பாருங்கள். நிமிட முள் 12-ல் இருக்கும்போது மணி முள் குறியின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு நூல் விலகியிருந்தாலும் இப்போதே கழற்றி மறுபடி வையுங்கள்.

கழற்றும்போது டயலின்மேல் நடுவில் பிளவு விட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளை நழுவவிட்டு, நெம்புகோல் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் வைத்து ஒன்றாக அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் முள்ளின் அடிக்குழாய் வளையும். முள்ளின் நடுப்பகுதியை ட்வீசரால் பிடிக்கவே கூடாது. ஒளிரும் பூச்சு பின்பக்கம் வெடித்து டயலில் பொடியாக உதிரும்.

விநாடி முள்தான் பொறுமையைச் சோதிக்கும். அதன் குழாயின் துளை 0.20 மி.மீ.; வெறும் கண்ணுக்குத் துளை இருப்பதே சரியாகத் தெரியாது. ரோடிகோவை நுனி கூராக உருட்டி, அதன் முனையில் முள்ளை ஒட்டிக்கொண்டு வந்து அச்சின்மேல் இறக்குங்கள். லென்ஸில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து, குழாய் அச்சுக்கு நேராக நிற்கிறது என்று உறுதியான பிறகுதான் அமுக்க வேண்டும். சரியாக இறங்கும்போது விரலில் ஒரு சிறு தடை உணர்ந்து விலகும். தடை இல்லாமல் ஒரேயடியாகச் சரிந்தால் குழாய் பக்கத்தில் நழுவியிருக்கிறது. ஒரு விநாடி முள் இரண்டு மூன்று முறைக்கு மேல் கழற்றி மாட்டினால் குழாய் விரிந்து பிடிப்பு போய்விடும். அதனால் உதிரி விநாடி முள் ஒன்றைக் கூடவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கிரவுனால் முழு 12 மணி நேரம் மெல்லச் சுற்றுங்கள். மணி முள்ளும் நிமிட முள்ளும் அதில் 11 முறை சந்திக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் பக்கவாட்டில் பாருங்கள்: மூன்று முட்களுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிய வேண்டும். கேஸில் போட்ட பிறகு வாட்ச் அடிக்கடி அதே நேரத்தில் நிற்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருக்கும், மெஷினில் அல்ல.

கேஸில் ஏற்றுவதும் ஸ்டெம் வெட்டுவதும்

ஸ்டெம்மை (கிரவுனை மெஷினோடு இணைக்கும் தண்டை) எடுக்க, மெஷினின் தொழில்நுட்பத் தாள் சொல்லும் நிலையில் கிரவுனை வைத்துக்கொண்டு, ஸ்டெம்மைப் பிடித்திருக்கும் செட்டிங் லீவரின் சிறு குழியை ட்வீசர் முனையால் லேசாக அமுக்கியபடி ஸ்டெம்மை இழுக்க வேண்டும். ‘லேசாக’ என்பதுதான் முக்கியம். பலமாக அமுக்கினால் உள்ளே லீவர் தன் இடத்திலிருந்து தாண்டிவிடும். பிறகு ஸ்டெம்மைப் போட்டால் கிரவுன் சும்மா சுற்றும், நேரமும் மாறாது, சாவியும் ஏறாது. அதைச் சரிசெய்ய டயலையும் முட்களையும் மறுபடி கழற்ற வேண்டிவரும்.

கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடைத்துக் காற்றடித்து, டயலிலும் முட்களிலும் இருக்கும் தூசியை ரோடிகோவால் ஒற்றி எடுத்துவிட்டு, மெஷினைக் கேஸில் இறக்குங்கள். சேப்டர் ரிங்கின் (டயலைச் சுற்றியுள்ள நிமிட வளையத்தின்) 12-ம் டயலின் 12-ம் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று இப்போதே பாருங்கள்.

புது ஸ்டெம் எப்போதும் நீளமாகத்தான் வரும். என்.எச்.35 ஸ்டெம்மின் மரை 0.9 மி.மீ.; கிரவுனின் உள்மரையும் அதுவாக இருக்க வேண்டும். வெட்டாத ஸ்டெம்மில் கிரவுனைத் திருகி, மெஷினில் முழுதாகச் செருகுங்கள். கிரவுனின் அடிக்கும் அது உட்கார வேண்டிய இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காலிப்பரால் அளக்கவும். அந்த அளவில் 0.5 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். உதாரணமாக இடைவெளி 3.2 மி.மீ. என்றால் முதலில் 2.7 மட்டும். வெட்டுவது மரை இருக்கும் பக்கத்தில்தான். மறு முனை மெஷினுக்குள் போவது, அதைத் தொடக்கூடாது. நறுக்கும்போது துண்டைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், கண்ணுக்குத் தெறிக்கும்.

பிறகு ஸ்டெம்மைப் பின் வைஸில் பிடித்து, முனையை அரத்தில் 0.1 மி.மீ. அளவில் தேய்ப்பது, மாட்டுவது, பார்ப்பது. நான்கைந்து முறை ஆகும். தேய்த்ததும் முனையில் எழும் பிசிறை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கிரவுனின் மரை கெடும்.

திருகிப் பூட்டும் கிரவுன் என்றால் அதன் உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். அளக்கும்போது அதை அமுக்கிய நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்டெம் நீளமாக இருந்தால் கிரவுன் மரையைத் தொடுவதற்கே பலமாக அமுக்க வேண்டியிருக்கும். அப்படியே பூட்டினால் மெஷினின் சாவி அமைப்பில் நிரந்தர அழுத்தம். மிகக் குட்டையாக இருந்தால் கிரவுனைப் பூட்டிலிருந்து விடுவிக்கும்போதே ஸ்டெம் தேதி நிலைக்கு இழுபட்டுவிடும். நீளத்தை இன்னொரு முறை தேய்த்துக்கொள்ளலாம், குட்டையாகிப்போன ஸ்டெம் போனதுதான். உதிரி ஒன்று கையில் இல்லாமல் வெட்ட ஆரம்பிக்காதீர்கள். எல்லா நிலையும் சரியாக வேலை செய்த பிறகுதான் மரையில் ஊசி முனை அளவு குறைந்த பலத் திரெட் லாக்கர் (மரை கழலாமல் பிடிக்கும் பசை).

கண்ணாடியும் பெசலும்

கண்ணாடி வேலை மெஷின் உள்ளே இல்லாதபோதுதான் நடக்க வேண்டும். பழைய கண்ணாடியை உட்பக்கத்திலிருந்து பிரஸ்ஸால் தள்ளி எடுத்து, கேஸ்கெட் (தண்ணீரைத் தடுக்கும் வளையம்) உட்காரும் பள்ளத்தைச் சுத்தம் செய்து, புதுக் கேஸ்கெட்டையே போடுங்கள். கீழ் அச்சு கேஸைத் தாங்கும் அளவு பெரிதாகவும், மேல் அச்சு கண்ணாடியின் ஓரத்தை மட்டும் தொடும்படியும் இருக்க வேண்டும். குவிந்த கண்ணாடியின் உச்சியில் அழுத்தினால் சஃபையர்கூட விரிசல் விடும். மோஸ் அளவில் கடினம் 9 என்றால் கீறாது என்று பொருள், உடையாது என்று அல்ல. பாதி இறங்கியதும் நிறுத்தி, சுற்றிலும் ஒரே உயரத்தில் இறங்குகிறதா என்று பாருங்கள். சாய்வு தெரிந்தால் உடனே வெளியே எடுத்துத் திரும்ப வையுங்கள்.

பெசல் இன்சர்ட்டை ஒட்டும் முன் பசைத் தாளை உரிக்காமல் வைத்து 12-ஐ நேர்படுத்தி, இரு பக்கமும் டேப்பில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டிய பின் நகர்த்த முயன்றால் அலுமினிய இன்சர்ட் மடங்கிவிடும்.

நேரம் சரிசெய்தல்

கிரவுனை 55 முறைக்குக் குறையாமல் திருகி முழுச் சாவி கொடுங்கள். டைம்கிராபரில் லிஃப்ட் கோணம் 53 என்று வைக்க வேண்டும். இதை மாற்றாமல் விட்டால் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் வீல் என்னும் ஆடும் சக்கரத்தின் வீச்சு) எண் பொய்யாக வரும். டயல் மேலே, டயல் கீழே, கிரவுன் கீழே, கிரவுன் மேலே என ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமாவது ஓடவிட்டுப் பாருங்கள். டயல் மேலே இருக்கும்போது ஆம்ப்ளிட்யூட் 250 டிகிரிக்கு மேல் இருந்தால் மெஷின் ஆரோக்கியம். முழுச் சாவியிலும் 200-ஐத் தொடவில்லை என்றால் சரிசெய்வதில் பயனில்லை. அழுக்கோ எண்ணெய்க் குறையோ இருக்கிறது.

வாட்ச் திடீரென்று வேகமாக ஓடினால் வேகத்தை மாற்றும் கையைத் தொடுமுன் காந்தம் நீக்குங்கள். காந்தம் நீக்கியின் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி வாட்சைக் கருவியிலிருந்து மெல்ல ஒரு கை தூரம் விலக்கிவிட்டுப் பிறகே பட்டனை விடவும். பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் காந்தம் இன்னும் ஏறும்.

பேலன்ஸ் வீல் மேல் இரண்டு கைகள் தெரியும். ஒன்று வேகத்தை மாற்றுவது; அருகில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். மற்றது ஹேர்ஸ்பிரிங்கின் முனையைத் தாங்குவது, பீட் எரரை (இரு பக்க ஆட்டத்தின் நேர வித்தியாசத்தை) மாற்றும். நீங்கள் தொட வேண்டியது முதலாவதை மட்டும். மரக்குச்சியால் கண்ணுக்கே தெரியாத அளவு தள்ளி, வேகம் மாறியதா என்பதை டைம்கிராபரில் பாருங்கள். பீட் எரர் 0.8 மில்லி விநாடிக்குள் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். நாளுக்கு கூட்டல் 5 விநாடியில் நிறுத்துவது நல்லது. மணிக்கட்டில் ஒரு வாரம் போட்டுப் பார்த்த பிறகு தேவையென்றால் மறுபடி திறக்கலாம்.

இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையே தேதியை விரைவாக மாற்றக்கூடாது. அப்போது தேதி மாற்றும் பல் தட்டோடு கோத்திருக்கும், வலுக்கட்டாயமாகத் திருகினால் ஒடியும். முள்ளை முதலில் 6-க்குக் கொண்டுவந்து பிறகு தேதியை மாற்றுவது பாதுகாப்பு.

தண்ணீர்ச் சோதனை

டயலில் 200 மீட்டர் என்று அச்சடித்திருப்பதால் உங்கள் மோட் 200 மீட்டர் தாங்காது. கண்ணாடி, கிரவுன், பின்மூடி ஆகிய மூன்று இடத்திலும் கேஸ்கெட் சரியாக உட்கார்ந்ததா என்பதுதான் தீர்மானிக்கும். பின்மூடி வளையத்தில் சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். பளபளப்பு தெரிந்தால் போதும், கட்டியாக இருந்தால் பஞ்சு ஒட்டும்.

சோதனையை மெஷின் இல்லாத காலிக் கேஸில் முதலில் செய்யுங்கள். கிரவுனை முழுதாகப் பூட்டி, கேஸை அழுத்தக் குடுவையின் மேல் பகுதியில், தண்ணீருக்கு வெளியே தொங்கவிட்டுக் காற்றை ஏற்றவும். வீட்டுக் குடுவைகள் பெரும்பாலும் 6 பார் (அழுத்தத்தின் அலகு) வரைதான். சில நிமிடம் வைத்துவிட்டு, கேஸைத் தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தை மெல்ல விடுங்கள். உள்ளே புகுந்த காற்று கசிவு இருக்கும் இடத்திலிருந்து குமிழிகளாக வரும். கண்ணாடி ஓரத்தில் வந்தால் கேஸ்கெட் சாய்ந்திருக்கிறது; கிரவுன் குழாயில் வந்தால் உள் வளையம் காய்ந்திருக்கிறது அல்லது குழாய் இறுகவில்லை. தொடர்ச்சியாகக் குமிழி வந்ததும், அழுத்தம் முழுதும் இறங்கும் முன்பே கேஸை மேலே தூக்கிவிடுங்கள். தாமதித்தால் அதே வழியில் தண்ணீர் உள்ளே போகும். முதலில் ஒன்றிரண்டு குமிழிகள் பெசலின் அடியில் தங்கிய காற்றிலிருந்து வருவது வழக்கம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

மெஷின் ஏற்றி மூடிய பிறகு செய்யும் சோதனைக்குத் தண்ணீரே வேண்டாத கருவி நல்லது. காற்றழுத்தத்தில் கேஸ் எவ்வளவு நெளிகிறது என்பதை வைத்துக் கசிவைச் சொல்லும். டைவர் வாட்சுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரம் குறித்த ஆழத்தைவிட 25 விழுக்காடு அதிக அழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறது. வீட்டில் அது நடக்காது. எனவே 6 பார் தாண்டிய மோட் வாட்சைக் கைகழுவவும் மழைக்கும் மேலோட்டமான நீச்சலுக்கும் போடுங்கள்; கடலில் இறங்கி மூழ்குவதற்கு வேறு வாட்ச் எடுத்துக்கொள்ளுங்கள். பின்மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வளையத்தைப் பார்த்து, தட்டையாகியிருந்தால் மாற்றிவிட்டு இதே சோதனையை மறுபடி செய்யவும்.